ஒரே நாளில் 50 செ.மீ மழை... அதில் மாமரத்துக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு? மண்ணுக்குள் நடக்கும் பங்கு பிரிப்பு

2024 டிசம்பர் 2-ம் தேதி காலை. ஃபெஞ்சல் புயல் கரை கடந்து ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. கடலில் இருந்து வெகு தூரத்தில் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில், 24 மணி நேரத்தில் 50 செ.மீ மழை பதிவானது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் தண்ணீரில் உருண்டு போன காட்சிகளை எல்லோரும் செல்போனில் பார்த்தோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையே சராசரியாக 85 செ.மீ அளவுதான். அதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் இறங்கிவிட்டது.

அதே 2024-ல் கோடையில் நடந்தது என்ன? மாந்தோப்பைக் காப்பாற்ற டேங்கர் தண்ணீரை விலைக்கு வாங்கி ஊற்றினார்கள் இந்த மாவட்டத்து விவசாயிகள். பக்கத்தில் பெங்களூருவில் போர்வெல்கள் வற்றி, குடிநீருக்கே அல்லாடினார்கள்.

அப்போ எல்லோருக்கும் வரக்கூடிய கேள்வி இதுதான். டிசம்பரில் கொட்டிய அந்த மழை, அடுத்த ஏப்ரல் வரைக்கும் மண்ணுக்குள் தங்கி மரங்களுக்குக் கிடைக்குமா? "அவ்வளவு தண்ணி உள்ள இறங்கியிருக்கும்ல, இனி ரெண்டு வருஷத்துக்குக் கவலை இல்ல" என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. காரணம், மரம் குடிக்கும் தண்ணீரும் ஓடையில் ஓடும் தண்ணீரும் பெரும்பாலும் ஒரே தண்ணீர் இல்லை. விழும்போது ஒரே மழைதான். மண்ணுக்குள் போனதும் பங்கு பிரிந்துவிடுகிறது.

கொடியில் காயும் ஜமுக்காளம்

ஒரு கனமான ஜமுக்காளத்தை நன்றாக நனைத்து, பிழியாமல் கொடியில் போடுங்கள். முதல் பத்து நிமிஷம் தண்ணீர் தாரையாக ஒழுகும். பிறகு சொட்டும். அப்புறம் சொட்டும் நின்றுவிடும். ஆனால் ஜமுக்காளத்தைத் தூக்கிப் பார்த்தால் இன்னும் கனமாகத்தான் இருக்கும். ஒழுகாமல் நூலுக்குள் பிடித்துக்கொண்ட அந்த ஈரம், இனி வெயில் வந்தால்தான் போகும்.

மண்ணும் அப்படித்தான். மண்ணுக்குள் இரண்டு வகை இடைவெளிகள் இருக்கின்றன. ஒன்று பெரிய வழிகள். மண்புழு போன பாதை, கறையான் துளை, செத்துப்போன வேர் மக்கிப் போட்ட குழாய், வெடிப்பு. இதில் இறங்கும் தண்ணீரை யாரும் பிடித்து வைப்பதில்லை. புவியீர்ப்பு இழுக்கிற பக்கம் ஓடிவிடும். கீழே பாறை வரை போய் நிலத்தடி நீராகலாம், அல்லது பக்கவாட்டில் கசிந்து ஓடைக்கு வரலாம்.

இன்னொன்று மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளி. கண்ணுக்கே தெரியாது. இதில் நுழைந்த தண்ணீர் துகளோடு ஒட்டிக்கொள்கிறது. புவியீர்ப்பால் அதை இழுத்து இறக்க முடியாது. அதை வெளியே எடுக்கக் கூடியது வேரும் வெயிலும்தான்.

வேரின் இழுவிசை எவ்வளவு தெரியுமா? லாரி டயரில் நிரப்பும் காற்றின் அழுத்தம், சாதாரண காற்றழுத்தத்தைப் போல 7 அல்லது 8 மடங்கு. பயிர்களின் வேர் மண்ணில் இருந்து தண்ணீரை உறிஞ்சும் விசை 15 மடங்கு வரை போகும். அதற்கும் மேல் மண் விடாப்பிடியாக வைத்திருந்தால் செடி வாடத் தொடங்கும். வறண்ட காட்டு மரங்கள் சில இதையும் தாண்டி இழுக்கும்.

இப்போது அதே ஜமுக்காளத்துக்குத் திரும்புவோம். ஏற்கெனவே நனைந்து தொங்கும் ஜமுக்காளத்தின் மேல் இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? ஒரு சொட்டும் கூடுதலாகத் தங்காது. ஊற்றியது ஊற்றியபடி கீழே போய்விடும். ஊத்தங்கரையில் நடந்ததன் சுருக்கம் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு ஏக்கரில் 1 மி.மீ மழை பெய்தால் 4,047 லிட்டர். 50 செ.மீ என்றால் சுமார் 20 லட்சம் லிட்டர். நமக்குப் பழக்கமான 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் சொன்னால் 168 லாரி. ஒரு ஏக்கருக்கு, ஒரே நாளில்.

ஆனால் மண்ணால் எவ்வளவு வாங்க முடியும்? ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு தரும் பொதுவான அளவுப்படி, மணலும் களியும் கலந்த வண்டல் மண், ஏற்கெனவே நனைந்த நிலையில் மணிக்கு 10 முதல் 20 மி.மீ வரைதான் உள்ளே வாங்கும். களிமண் என்றால் 1 முதல் 5 மி.மீ. அதைத் தாண்டி வேகமாகப் பெய்தால் மீதி மண்ணைத் தொட்டுவிட்டு மேலேயே ஓடிவிடும்.

உள்ளே போனதிலும், அப்படிப்பட்ட மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் செடிக்காகப் பிடித்து வைக்கக் கூடியது 100 முதல் 175 மி.மீ. அதுவும் முழுக்கக் காய்ந்து கிடந்தால்தான் அந்த இடம் காலியாக இருக்கும். டிசம்பரில் அப்படி இல்லை. அக்டோபர், நவம்பர் மழையில் மேல்மண் ஏற்கெனவே நனைந்துதான் இருந்திருக்கும்.

அதனால் அந்த 168 லாரியில் பெரும்பகுதி மரத்தின் கணக்கில் ஏறவே இல்லை. ஏரிக்குப் போனது, ஏரி உடம்பு தாங்காமல் சாலைக்கு வந்தது, பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்குப் போனது. அன்று அதிகாலையில் கீழே சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் மூழ்கின.

(மாம்பழ விவசாயிகளுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பூக்கும் முன் இரண்டு மூன்று மாதம் மண் கொஞ்சம் காய்ந்தால்தான் மாமரம் நன்றாகப் பூ எடுக்கும். டிசம்பரில் ஈரம் கூடினால் மரம் பூவை விட்டுவிட்டுக் கொழுந்து விடும். தண்ணீர் அதிகம் என்பதே எப்போதும் நல்ல செய்தி இல்லை.)

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மரம் குடித்தது எந்த மழையின் தண்ணீர் என்று மரத்திடமே கேட்க முடியுமா? ஒருவகையில் முடியும்.

எல்லாத் தண்ணீரும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். ஆனால் அதில் கொஞ்சம் கனமான ஆக்சிஜனும் கனமான ஹைட்ரஜனும் கலந்திருக்கும். ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் என்பது அவற்றின் பெயர். எவ்வளவு கலந்திருக்கிறது என்பது மழைக்கு மழை மாறும். ஆவியாகும்போதும் மாறும். கிட்டத்தட்ட கைரேகை மாதிரி. மரத்தின் தண்டில் ஏறும் தண்ணீர், மண்ணின் ஈரம், ஓடைத் தண்ணீர் மூன்றையும் எடுத்து ஒப்பிட்டால் எது எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம்.

1991-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டாசன், எலரிங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படிப் பார்த்தபோது ஒரு ஆச்சரியம். ஓடைக் கரையிலேயே நின்ற வளர்ந்த மரங்கள், அந்த ஓடைத் தண்ணீரைக் குடிக்கவில்லை. காலடியில் தண்ணீர் ஓடுகிறது, மரமோ ஆழத்தில் இருந்து வேறு தண்ணீரை எடுக்கிறது.

2010-ல் இது இன்னும் தெளிவானது. ஓரிகன் மாநிலத்தின் எச்.ஜே. ஆண்ட்ரூஸ் ஆய்வுக் காட்டில் ரெனே புரூக்ஸ், ஜெஃப்ரி மெக்டானல் குழுவினர் அளந்து பார்த்தார்கள். அங்கே கோடை வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழைகள், காய்ந்த மண்ணின் நுண் இடைவெளிகளை நிரப்பின. அதன்பின் குளிர்காலம் முழுக்கக் கொட்டிய மழை, அந்த ஈரத்தோடு அதிகம் கலக்காமல் பெரிய வழிகளில் இறங்கி ஓடைக்குப் போய்விட்டது. அடுத்த கோடையில் மரங்கள் குடித்தது, மண்ணில் ஒட்டி நின்ற அந்தப் பழைய தண்ணீரை.

அதுவரை பாடப் புத்தகங்களில் இருந்த படம் வேறு. புது மழை பழைய ஈரத்தோடு கலந்து, அதைத் தள்ளிக்கொண்டு இறங்கும், மரமும் ஓடையும் அதே கலவையைப் பங்கு போட்டுக்கொள்ளும் என்றுதான் நினைத்திருந்தார்கள். 2015-ல் உலகின் 47 இடங்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று, இந்தப் பிரிவு பல நாடுகளில் தெரிகிறது என்றது.

ஆனால் இதில் விவாதம் முடியவில்லை. ஆய்வகத்தில் தண்டில் இருந்து தண்ணீரைப் பிரித்தெடுக்கும் முறையே கைரேகையைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறது என்று 2020-ல் வந்த ஆய்வு காட்டியது. அதனால் "இரண்டுக்கும் நடுவே சுவர் இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கலப்பு கொஞ்சம் நடக்கும். பிடித்து வைத்த தண்ணீர், ஓடிப்போகும் தண்ணீர் என்ற அடிப்படைப் பாகுபாடு மட்டும் மண்ணின் இயல்பு. அதில் சந்தேகம் இல்லை.

ஓரிகனில் மழைக்காலம் ஒன்றுதான். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் அப்படி இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை, ஜூன் முதல் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. செப்டம்பர், அக்டோபரில்தான் உச்சம். நடுநடுவே வெயில். அதனால் மரத்தின் கணக்கு இங்கே வருஷத்தில் பல தடவை காலியாகி, பல தடவை நிரம்பும். ஒரே நாளில் 50 செ.மீ பெய்வதைவிட, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 5 செ.மீ என்று பத்துத் தடவை பெய்தால் மரத்துக்கு எத்தனையோ மடங்கு லாபம்.

நம்ம பாறைக்குக் கீழே என்ன இருக்கு?

போர் போட்டவர்களுக்கு இந்தப் பாடம் நன்றாகவே தெரியும். வண்டி வந்து துளை போடும்போது முதலில் செம்மண் வரும். பிறகு சரளை, மக்கிப்போன பாறை. அதுவரைக்கும் பக்கம் சரியாமல் இருக்க கேசிங் பைப் இறக்குவார்கள். கெட்டிப் பாறை தட்டியதும் கேசிங் நிற்கும். பில்லில் "கேசிங் இத்தனை அடி" என்று எழுதியிருப்பார்களே, அந்த எண்தான் உங்கள் இடத்தில் மண்ணும் மக்கிய பாறையும் சேர்ந்த போர்வையின் தடிமன். மழையைப் பிடித்து வைக்கும் பெரும்பகுதி அந்தப் போர்வைக்குள்தான். அதற்குக் கீழே நைஸ், கிரானைட், சார்னோகைட் போன்ற கெட்டிப் பாறை. அதில் வெடிப்பு இருந்தால் தண்ணீர், இல்லையென்றால் வெறும் கல்மாவு.

மக்கிய பாறையிலும் தண்ணீருக்கு இடம் குறைவு. அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டு முறையில், இத்தகைய பாறைச் சிதைவில் இருந்து வடிந்து வரக்கூடிய தண்ணீர் அதன் கொள்ளளவில் ஒன்றரை முதல் 3 சதவீதம்தான் என்று கணக்கிடுகிறார்கள். பெய்யும் மழையில் நிலத்தடிக்குப் போகும் பங்கு, களி குறைந்த சிதைந்த கிரானைட், நைஸ் பகுதியில் சுமார் 11 சதவீதம், களி கூடுதலாக இருந்தால் 8, சார்னோகைட் வகைப் பாறையில் 5. அதாவது 100 மி.மீ பெய்தால் போர்வெல் கணக்குக்கு 5 முதல் 11 மி.மீ.

மீதி எங்கே? கொஞ்சம் ஓடையில். பெரும்பங்கு மண்ணில் தங்கி, செடி, மரம் வழியாகத் திரும்ப வானத்துக்கு.

"அப்போ மரம் தண்ணியை வீணாக்குதா?" என்று கேட்கத் தோன்றும். பொறுங்கள். இதற்குப் பதில் இதே பாறைப் பகுதியில் இருந்தே கிடைக்கிறது.

முதுமலை, பந்திப்பூர் சொல்லும் பாடம்

கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டுக்குள் முலே ஹோலே என்ற சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதி இருக்கிறது. பரப்பு சுமார் 4 சதுர கி.மீ. நைஸ் பாறை, மேலே இலையுதிர் காடு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் இயங்கும் இந்திய-பிரெஞ்சு நீர் ஆய்வுப் பிரிவு, இங்கே பல ஆண்டுகளாக மழை, ஓடை, கிணறு எல்லாவற்றையும் அளந்து வருகிறது.

அங்கே மண்ணும் மக்கிய பாறையும் சேர்ந்த போர்வை சராசரியாக 17 மீட்டர் தடிமன். ஓடை பெருமழை பெய்தால் ஓடும், நின்றால் வற்றும். காரணம், நிலத்தடி நீர்மட்டம் ஓடைப் படுகைக்கும் கீழே இருக்கிறது. நிலத்தடி நீர் ஓடைக்கு ஊட்டுவதில்லை. மரங்களோ மேல்மண்ணோடு நிற்காமல், மக்கிய பாறைக்குள் பல மீட்டர் ஆழத்துக்கு வேர் இறக்கி அங்கே ஒட்டி நிற்கும் ஈரத்தை எடுக்கின்றன. மழை குறைந்த வருஷங்களில் அந்த ஆழத்து ஈரம் குறையும். பிறகு நல்ல மழை வந்தாலும், அது முதலில் அந்தக் குறையை நிரப்பிய பிறகுதான் கிணற்றுக்குப் போகும்.

மழை நன்றாகப் பெய்த வருஷத்திலும் "போர்ல தண்ணி ஏறலையே" என்று நம்ம ஊரில் புலம்புவதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம். பழைய கடன் அடைந்தால்தானே கையில் மிஞ்சும்.

பக்கத்தில் நம்ம முதுமலையில், இந்திய அறிவியல் நிறுவனம் 1988-ல் 50 ஹெக்டேர் காட்டைக் குறித்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டுக் கண்காணித்து வருகிறது. அந்தத் தரவை வைத்து ருதுஜா சித்ரா-தாரக் உள்ளிட்டோர் 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டனர். எந்த மரம் எந்த ஆழத்தில் தண்ணீர் எடுக்கிறது என்று பார்த்தார்கள். மேலாகத் தண்ணீர் எடுக்கும் மரங்கள் ஒவ்வொரு காய்ச்சலிலும் கஷ்டப்படும். ஆழத்தில் எடுப்பவை சாதாரண காய்ச்சலைக் கண்டுகொள்ளாது. ஆனால் வறட்சி பல வருஷம் நீண்டு, ஆழத்து இருப்பே தீர்ந்தபோது அவை செத்தன. ஆழம் மறுபடி நிரம்ப, ஒரு நல்ல மழை போதாது.

ஓசூர் பக்கம் பெரிய புளியமரமோ ஆலமரமோ "நல்லாத்தானே இருந்துச்சு, திடீர்னு காஞ்சிடுச்சு" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். திடீர் என்பது நமக்குத்தான்.

தைலமரம் வில்லனா?

ஓசூரில் இருந்து அதிக தூரமில்லாத ஹொசகோட்டே. தென்பெண்ணை, கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்ற பெயரில் ஓடும் ஊர். அங்கே தைலமரத் தோப்பில் பிரிட்டன் நீரியல் நிறுவனமும் கர்நாடக அமைப்புகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 1993-ல் வெளியானது. இயன் கால்டர் தலைமையிலான குழு. மண் ஆழமாக இருந்த அந்த இடத்தில், வளரும் தைலமரங்கள் பெய்த மழையைவிட அதிகத் தண்ணீரைச் செலவழித்தன. வேர் ஒவ்வொரு வருஷமும் இன்னும் ஆழத்துக்குப் போய், பல வருஷமாக ஒட்டி நின்ற ஈரத்தைச் சுரண்டியது. ஆனால் மண் ஆழமில்லாத மற்ற இடங்களில், தைலமரமும் நாட்டு இலையுதிர் காடும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் எடுத்தன. இருந்தால்தானே எடுக்க முடியும்?

கர்நாடக அரசு 2017-ல் புதிதாகத் தைலமரம் நடத் தடை போட்டது. தடை சரியா என்பது தனி விவாதம். நமக்கு வேண்டிய விஷயம் இதுதான்: எந்த மரம் என்பதோடு, கீழே எவ்வளவு போர்வை இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் கணக்கு. "மரம் நட்டால் போர்வெல் ஏறும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதும் தப்பு, "மரம் தண்ணியைக் குடிச்சிடும்" என்று வெட்டுவதும் தப்பு. மரம் இருக்கும் மண்ணில் வேரும் புழுவும் போட்ட வழிகள் அதிகம். மழை வேகமாகப் பெய்தாலும் உள்ளே வாங்கும். வெட்டவெளியில் வண்டி ஓடி இறுகிய மண் வாங்காது.

சிப்காட் வந்த பிறகு என்ன மாறியது?

ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரம் ஏறக்குறைய 500 மீட்டர். மேட்டில் விழும் மழை பள்ளத்துக்கு அவசரப்படும் நிலம் இது. அதனால்தான் முன்னோர்கள் வழி நெடுக ஏரி வெட்டி, ஒன்றின் உபரி அடுத்ததுக்குப் போகும்படி சங்கிலியாகக் கோத்தார்கள்.

இப்போது அந்த மேட்டில் தொழிற்சாலை ஷெட், லாரி நிறுத்தம், லேஅவுட், நான்கு வழிச் சாலை. ஒரு ஏக்கர் தகரக் கூரையில் வருஷத்துக்கு 85 செ.மீ மழை விழுந்தால் 34 லட்சம் லிட்டர். அதே ஒரு ஏக்கர் ராகிக் காடாக இருந்தபோது, அதில் பெரும்பங்கு மண்ணில் ஊறி, பயிர் வழியாக மெதுவாக வெளியேறியது. கூரையில் இருந்து வடிகாலுக்கு நேராகப் போகிறது. ஆக, கான்கிரீட் போட்டால் குறைவது நிலத்தடி நீர் மட்டும் இல்லை. மரத்தின் பங்கு மொத்தமாக அழிந்து, அது வெள்ளத்தின் பங்கோடு சேர்ந்துகொள்கிறது. ஓடை ஒரு மணி நேரம் பொங்கும், மறுநாள் காயும்.

ஆனால் தென்பெண்ணை மட்டும் ஓசூரில் கோடையிலும் ஓடுகிறதே? கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வருவதை அடிக்கடி செய்தியில் காட்டுகிறோமே?

அது மழைத் தண்ணீர் இல்லை. பெங்களூரு காவிரியில் இருந்து மேடு ஏற்றிக் குடிநீர் எடுக்கிறது. அந்த மாநகரத்தின் கிழக்குப் பக்கக் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தட்சிண பினாகினியில் கலந்து, எல்லை தாண்டி கெலவரப்பள்ளிக்கு வருகிறது. சோப்பு, டிடர்ஜென்ட் எச்சங்கள்தான் மதகில் விழும்போது நுரையாகின்றன. இன்னொரு பக்கம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 முதல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்குக் காவிரியைக் குழாயில் கொண்டுவருகிறது. அணையில் பாதி, குழாயில் மீதி என்று ஓசூர்க்காரர்கள் இரண்டு வழியிலும் காவிரியையே பார்க்கிறார்கள். தங்கள் தலைக்கு மேல் பெய்த மழையை அல்ல.

ஒகேனக்கல் திட்டம் ஏன் வந்தது என்பதும் இந்தக் கதையோடு தொடர்புள்ளது. இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பில் பாதிப்பு. பாறையின் வெடிப்பில் நீண்ட காலம் தேங்கி நிற்கும் தண்ணீர், பாறையில் இருக்கும் ஃபுளோரைடைக் கரைத்துக்கொள்ளும். போர் ஆழமாகப் போகப் போக, பழைய தண்ணீரைத்தான் எடுக்கிறோம். புது மழை இறங்கினால் அதன் செறிவு குறைய வாய்ப்பு உண்டு.

வீட்டில், தோட்டத்தில் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் மாடித் தண்ணீரைக் குழாய் வழியாக ஆழக் குழிக்கோ போருக்கோ விடும்போது, அது ஓடும் தண்ணீரின் கணக்கில் சேர்கிறது. நல்லதுதான். 11 மி.மீ உள்ளே போனாலே, 2 சதவீத இடைவெளி உள்ள பாறையில் நீர்மட்டம் அரை மீட்டர் ஏறும். ஆனால் வாசலில் நிற்கும் வேப்பமரத்துக்கு அதில் பெரிதாக எதுவும் கிடைக்காமல் போகலாம். மரத்துக்கு வேண்டியது மெதுவாக மேலிருந்து ஊறும் ஈரம். அதற்கு வழி வேறு.

மாந்தோப்பில் அடிமரத்தை ஒட்டிப் பாத்தி கட்டுவதைவிட, கிளை விரிந்து நிழல் முடியும் இடத்தைச் சுற்றிக் கட்டினால் உறிஞ்சும் வேர்களுக்குக் கிடைக்கும். சரிவான தோப்பில் வரப்பு, சமமட்டக் குழி. சருகைக் கொளுத்தாமல் விட்டால் இரண்டு லாபம்: மழைத்துளி நேராக மண்ணை அடித்து இறுக்காது, பெய்த பிறகு வெயில் ஈரத்தைத் திருடாது. கோடை உழவும் மழைக்கு முன் மண்ணின் வாயைத் திறந்துவைக்கத்தான்.

ஒர்க்‌ஷாப், பெயின்டிங் யூனிட், கெமிக்கல் வைக்கும் யார்டு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தரையில் ஓடும் மழைநீரை நேராகப் போருக்குள் விடக் கூடாது. மண் வழியாக மெதுவாக இறங்கும்போது கிடைக்கும் வடிகட்டல் அங்கே இல்லை. எண்ணெயும் ரசாயனமும் நேராகப் பாறை வெடிப்புக்குப் போய்விடும், அந்த வெடிப்பு யார் வீட்டுப் போரில் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. சுத்தமான கூரைத் தண்ணீரை மட்டும் தனியாகப் பிரித்து விடலாம்.

உங்கள் இடத்தில் மழை எவ்வளவு ஊறியது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மழை விட்ட மறுநாள் ஒரு கடப்பாரையை எடுத்து மரத்தடியில் குத்திப் பாருங்கள். ஈர மண்ணில் சுலபமாக இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நிற்கும். ஒரு மணி நேரம் அடித்துப் பெய்த மழையில் ஒரு சாண்கூட நனையாமல் இருப்பதும், இரவு முழுக்கத் தூறிய மழையில் முழங்கை ஆழம் நனைந்திருப்பதும் அப்போது தெரியும்.

தெருவோர மரங்களின் கதை இன்னும் மோசம். நடைபாதைக் கல்லும் சிமென்டும் அடிமரத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கும். 2013-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. ஒரு மீட்டர் ஆரம் என்றால் 3.14 சதுர மீட்டர். ஓசூர் மழைக்கு அது வருஷத்துக்குச் சுமார் 2,670 லிட்டர். வளர்ந்த ஒரு பெரிய மரம் வெயில் காலத்தில் ஒரு நாளைக்கே 100 லிட்டருக்கு மேல் வெளிவிடக் கூடியது. ஒரு மாதத்துக்குக்கூட அது வராது. சிமென்ட் அடிமரம் வரை இருந்தால் அந்த 2,670 லிட்டரும் வடிகாலுக்குப் போகும்.